பருப்புத் தண்ணீர் போதாது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு நம் வீடுகளில் முதலில் வருவது அரிசிக் கஞ்சி. அடுத்து ரசம் சாதம், பால் தொட்ட பிரெட், இளநீர், சாத்துக்குடி ஜூஸ், பருப்புத் தண்ணீர். எல்லாம் வயிற்றைப் படுத்தாதவை, எளிதில் இறங்குபவை. குறை ஒன்றுதான்: வெட்டிய தசையும் தோலும் திரும்ப ஒட்டுவதற்கு வேண்டிய புரதம் இவற்றில் கிட்டத்தட்ட இல்லை. 30 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு டம்ளர் கஞ்சியில் சுமார் 2 கிராம். இளநீரில் 1 கிராம்கூடத் தேறாது. ரசத்திலும் ஜூஸிலும் பேருக்குத்தான். குளுக்கோஸ் பவுடரில் சுத்தமாக இல்லை. நாள் முழுக்க இரண்டு மணிக்கொரு தரம் எதையாவது குடித்துக்கொண்டே இருப்பவர், இரவு கணக்குப் பார்த்தால் 15, 20 கிராம் புரதத்தில் நிற்பார்.

பருப்புத் தண்ணீரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் சத்து இருப்பதாக எல்லாரும் நம்புகிறோம். வேகவைத்த பருப்பைக் கடையாமல் ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் மஞ்சளாகப் பருப்பு படிந்துவிடும், மேலே லேசான மஞ்சள் நீர் நிற்கும். அந்த நீரை இறுத்துத்தான் நோயாளிக்குக் கொடுக்கிறோம். புரதம் அடியில் படிந்ததில் இருக்கிறது, அது வீட்டில் மற்றவர்களின் சாம்பாருக்குப் போய்விடுகிறது. ஆட்டுக்கால் சூப், கோழி சூப்பிலும் இதே கதைதான். சாறு வடித்துவிட்டுக் கறியை ஒதுக்கினால், புரதத்தின் பெரும்பங்கு ஒதுக்கிய கறியோடு போய்விடும். கால் சூப் ஆறினால் ஜெல்லி மாதிரி உறைவது ஜெலட்டினால். ஜெலட்டினும் புரதம்தான் என்றாலும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. ஆகவே அதை மட்டும் நம்பித் தசை வளர்க்க முடியாது. சூப் கொடுங்கள், வாய்க்கு நன்றாக இருக்கும், உப்பும் நீரும் உள்ளே போகும். புரதக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு வேண்டும்?

ஆரோக்கியமாக நடமாடும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-ல் தந்த அளவு. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு 1.2 முதல் 1.5 கிராம் வரை போக வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். இதோடு மாவுச்சத்தும் கொழுப்பும் போதுமான அளவு போகாவிட்டால், கொடுத்த புரதத்தையே உடம்பு எரித்துவிடும். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்பது பொதுவான குறி. எனவே "டயட்" என்று நெய்யையும் சாதத்தையும் அடியோடு நிறுத்த இது நேரமில்லை.

சிறுநீரகக் கோளாறு, முற்றிய கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு எத்தனை கிராம் என்பதை அவர்களின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "முட்டை கொடுத்தால் சீழ் வைக்கும், பருப்பு கொடுத்தால் புண் ஆறாது, தயிர் குளிர்ச்சி, மீன் கூடவே கூடாது." அக்கறையில் சொல்வதுதான், ஆனால் காயம் ஆற எது வேண்டுமோ அதையே ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிற பட்டியல் இது. சீழ் பிடிப்பது கிருமியால். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, நனைந்த கட்டு, கழுவாத கை, புகை ஆகியவை அதற்கு வழிவிடும். வேகவைத்த முட்டைக்கும் சீழுக்கும் தொடர்பு இல்லை. ஒருவருக்கு முட்டையோ மீனோ முன்பே ஒவ்வாமை தந்திருந்தால் அது வேறு விஷயம். வீட்டுப் பெரியவர்களிடம் வாதாடுவதைவிட, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அவர்கள் முன்னாலேயே டாக்டரிடம் "முட்டை, பருப்பு, தயிர் கொடுக்கலாமா?" என்று கேட்டுவிடுவது நல்லது. அப்புறம் அந்தப் பேச்சு வராது.

திரவத்திலிருந்து மென்மைக்கு

முதலில் தெளிந்த திரவம், பிறகு பால், மோர், கஞ்சி போன்ற முழுத் திரவம், பிறகு மசித்தது, பிறகு மெல்ல எளிதானது. இதுதான் வழக்கமான வரிசை. எந்த நாளில் எந்தப் படி என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் முடிவு செய்வார். முன்பெல்லாம் வாயு பிரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. இப்போது பல ஆபரேஷன்களில் அன்றே அல்லது மறுநாளே வாய்வழி ஆரம்பித்துவிடுகிறார்கள். தெளிந்த திரவத்தில் புரதத்துக்கு வழி குறைவு, அந்த ஓரிரு நாளுக்குக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது, முழுத் திரவத்துக்கு அனுமதி கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் நீர்க் கஞ்சியிலேயே நிற்பது.

இனி அடுப்படி.

இரட்டைப் பால்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அரை லிட்டர் பாலில் 30 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர், அதாவது நான்கு மேஜைக் கரண்டி. பாலில் 16 கிராம், பவுடரில் 10 கிராம், மொத்தம் 26. ஒரு 200 மில்லி டம்ளருக்கு 10 கிராம் வரும், வெறும் பாலில் 6.5தான். கொதிக்கும் பாலில் பவுடரைக் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே காய்ந்த மாவாகக் கட்டி தட்டும். முதலில் ஆறிய பால் அரை டம்ளரில் விழுதாகக் குழைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மீதிப் பாலில் சேர்த்துச் சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். அடி சீக்கிரம் பிடிக்கும், அதனால் கனமான பாத்திரம். காபி, டீ, ராகிக் கஞ்சி, ஓட்ஸ், கஸ்டர்ட், பால் ஊற்றும் எதிலும் இதையே ஊற்றலாம். நோயாளி குடிக்கும் அளவு கூடாமலே புரதம் கூடிவிடும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுபவருக்கு இது பெரிய உதவி.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, பேதியாகிறது என்றால் பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்கவில்லை என்று பொருள். குடலில் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொஞ்ச காலம் இது சகஜம். தயிருக்கு மாறுங்கள். அரை கிலோ கெட்டித் தயிரைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரம் வைத்தால் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே கெட்டியாக நிற்கும். 13, 14 கிராம் புரதம் அதில் தங்கிவிடும். வெளியில் தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும், தொண்டையிலும் வாயிலும் தையல் உள்ளவருக்கு அந்தப் புளிப்பு எரியும். வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம், அதிலும் கொஞ்சம் புரதம் உண்டு. கஞ்சியில் ஊற்றிக்கொள்ளலாம்.

பருப்புக் கஞ்சியில் விகிதத்தைத் திருப்பிப் போடுவதுதான் முக்கியம். வழக்கமாக ஒரு கைப்பிடி அரிசிக்கு ஒரு ஸ்பூன் பருப்பு. மாற்றாக, 25 கிராம் அரிசி நொய்க்கு 40 கிராம் பாசிப் பருப்பு எடுங்கள். பருப்பை வாசம் வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, கழுவி, 700 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை பெருங்காயம், கால் ஸ்பூன் சீரகம், துளி மஞ்சள் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். உப்பைக் கடைசியில் போட்டு, மத்தால் கடைந்து, ஒரு ஸ்பூன் நெய். 11 கிராம் கிடைக்கும். பாசிப் பருப்புதான் வேண்டும் என்பதில்லை, மைசூர்ப் பருப்பும் ஆகும். துவரையும் கடலையும் முதல் வாரத்தில் பலருக்கு வாயு கட்டும்.

இந்தக் கஞ்சியில் வரும் சிக்கல், ஆறினால் களி மாதிரி இறுகிவிடுவது. இறுகியதும் தண்ணீர் ஊற்றி இளக்குகிறோம், ஒரு டம்ளர் இரண்டு டம்ளராகிறது, பாதி மிச்சமாகிறது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: முளைகட்டிய ராகி மாவு. தானியம் முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி அதில் ஊறும். கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கி விரல் வைத்தால் சுள்ளென்று சுடும் பதத்தில் ஒரு டீஸ்பூன் மாவைத் தூவிக் கலக்குங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சி நழுவி ஓடத் தொடங்கும். இளகியதும் இன்னொரு கொதி விட்டு இறக்குங்கள், பச்சை மாவை அப்படியே கொடுக்கக் கூடாது. கொதித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், எதுவும் நடக்காது. கடையில் வாங்கும் மாவில் பலருக்கு இது வேலை செய்யாததற்கும் அதுவே காரணம், சிவக்க வறுத்து அரைத்திருப்பார்கள். ராகியை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்தது வேண்டும்.

முட்டையைப் பச்சையாகவோ ஆஃப்பாயிலாகவோ இப்போது வேண்டாம். சால்மொனெல்லா கிருமி, உடம்பு தளர்ந்த நேரத்தில் பெரிய தொல்லை தரும். முழுத் திரவ நிலையிலேயே வெந்த முட்டையைச் சேர்க்க வழி, கஞ்சியிலோ சூப்பிலோ இழையாக ஊற்றுவது. ஒரு முட்டையை இரண்டு ஸ்பூன் தண்ணீரோடு நுரைக்காமல் அடித்து, டீ வடிகட்டியில் இறுத்து, மெதுவாகத் தளதளக்கும் சூப்பில் ஒரு கையால் நூலாக ஊற்றி மறு கையால் கலக்க வேண்டும். கொதி பலமாக இருந்தால் ரப்பர் துணுக்குகளாகத் திரளும். கலக்காமல் விட்டால் ஆம்லெட் மாதிரி மிதக்கும். பதமாக வந்தால் பூ மாதிரி இழைகள், விழுங்கத் தடையே இராது. 6 கிராம் புரதம். தாடையைக் கம்பியால் கட்டியிருப்பவருக்கு இந்த இழையும் அடைக்கும் என்பதால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு இறுத்துக் கொடுங்கள்.

அடுத்த படிக்கு வந்தவருக்கு இட்லிப் பானையில் கஸ்டர்ட். இரண்டு முட்டை, 250 மில்லி வெதுவெதுப்பான பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஏலக்காய். சர்க்கரை நோய் இருந்தால் உப்பும் மிளகும். அடித்து, இறுத்து, இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, மேலே தட்டு மூடி, மிகச் சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம். தட்டு மூடாவிட்டால் மூடியின் நீர் சொட்டி மேல்புறம் குழி விழும். தீ அதிகமானால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்து தண்ணீர் விட்டுக்கொள்ளும். நடுவில் லேசாக ஆடும்போதே இறக்கிவிடுங்கள், மீதியை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும். மொத்தம் 20 கிராம். சாதாரணப் பாலுக்கே இந்தக் கணக்கு, இரட்டைப் பாலானால் இன்னும் கூடும்.

கோழிக்குத் தொடைக் கறியே நல்லது. நெஞ்சுக் கறி நார் நாராக நின்று தொண்டையில் உரசும். எலும்பில்லாத 100 கிராமை இஞ்சி, மிளகு, உப்போடு நன்றாக வெந்து மசியும்வரை வேகவிட்டு, சூடு தணிவதற்குள் அதே சாறு 150 மில்லி விட்டு அரையுங்கள். ஆறிய பிறகு அரைத்தால் எவ்வளவு ஓட்டினாலும் நூல் போகாது. வெந்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று சேர்த்தால் சாறும் கறியும் பிரியாமல் சேர்ந்து நிற்கும். 18, 20 கிராம் வரும், இரண்டு வேளைக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மீன் என்றால் கிழங்கான், கொடுவா மாதிரி மென்மையான சதை உள்ளதை ஆவியில் வேகவைத்து, விரலால் இரண்டு முறை தடவி முள் பார்த்த பிறகு உதிர்த்துக் கஞ்சியில் கலக்குங்கள். ஒரே தடவை பார்த்தால் நடுமுள் ஓரத்துச் சிறு முள் தப்பிவிடும்.

சைவர்களுக்குப் பனீர். 50 கிராமில் 9 கிராம். சுடுபாலில் ஐந்து நிமிடம் போட்டு இளக வைத்து, 150 மில்லி பாலோடு அரைத்தால் கெட்டிப் பால்போல வரும். நேரே கொதிக்க வைத்தால் இறுகி மணல் மணலாகும். பொட்டுக்கடலை மாவு சமைக்காமலே ஆகும், 20 கிராமில் 4 கிராமுக்கு மேல். சலித்து மோரிலோ பாலிலோ கலக்கி உடனே குடிக்க வேண்டும், வைத்தால் கெட்டியாகும். சத்துமாவில் தானியமே அதிகம், 30 கிராமில் 4 கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கும். நல்ல உணவுதான், ஆனால் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சுங்கள்.

புரதப் பவுடர் வாங்குவதானால் டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் "100 கிராமில் புரதம்" என்ற வரியைப் பாருங்கள். பால் திரிந்த நீரிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் 70, 80 இருக்கும். 30 கிராம் கரண்டிக்கு 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கும் மால்ட் பானங்களில் 10-ஐ ஒட்டி நிற்கும், மீதி பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். கொதிக்கும் பாலில் வே பவுடரைப் போட்டால் திரிந்து திப்பி திப்பியாகிவிடும். குடிக்கும் சூட்டில் கலக்குங்கள். மிக்ஸியில் அடித்தால் நுரை கட்டும், அந்த நுரை வயிற்றில் வாயு. கரண்டியால் கலக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கொடுங்கள்.

அரைக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் மிக்ஸி ஜாரின் மூடியில் இருக்கும் ரப்பர் வாஷர். அதைக் கழற்றினால் அடியில் நேற்றைய விழுது வழவழப்பாக ஒட்டியிருக்கும். கறியும் பாலும் அரைக்கிற ஜாரில் அதுதான் கிருமிக்கு வீடு. ஒவ்வொரு முறையும் வாஷரைக் கழற்றி, பிளேடின் அடியையும் தேய்த்து, வெந்நீரில் அலசுங்கள். அரைத்ததை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு நாள்தான், எடுத்ததும் நன்றாகச் சூடு செய்து.

மாத்திரையோடு மோதாமல்

பாலும் தயிரும் சில மாத்திரைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பாலோடு விழுங்கினால் மருந்து ரத்தத்தில் சேர்வது குறையும். பாலுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ என்பது பொது விதி. இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான டாக்ஸிசைக்ளினுக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் பாலிலிருந்து இடைவெளி வேண்டும். தைராய்டு எடுத்தவர்கள் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை போட்ட கையோடு சோயாப் பாலோ கால்சியம் மாத்திரையோ எடுக்கக் கூடாது. கால்சியத்துக்கு 4 மணி நேர இடைவெளி. எந்த மாத்திரை எதோடு என்று டிஸ்சார்ஜ் தாளைக் காட்டி மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். டிராமடால் போன்ற வலி மாத்திரை குடலை மந்தமாக்கும், இரும்புச் சத்து மாத்திரை இறுக்கும், பால்-முட்டை-கறியில் நார் இல்லை. குடலிறக்கமோ மூலமோ ஆபரேஷன் செய்தவர் முக்கினால் தையலுக்கு ஆபத்து. தடை சொல்லியிருக்காவிட்டால் நாளைக்கு 8 முதல் 10 டம்ளர் நீர், மசித்த பப்பாளி, ஊறவைத்து அரைத்த உலர் திராட்சை, மசித்த பூசணி. இரண்டு மூன்று நாள் ஆகியும் போகவில்லை என்றால் மருந்து கேளுங்கள், கையிலிருக்கும் பேதி மருந்தைக் கொடுக்காதீர்கள்.

சில ஆபரேஷன்களுக்குத் தனி விதி. பித்தப்பை எடுத்தவருக்கு முதல் சில வாரம் கொழுப்பைக் குறைத்து, நெய் இல்லாமல், ஆடை நீக்கிய பாலில். பல் பிடுங்கியவர் ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் ரத்தக்கட்டி பெயர்ந்து கடும் வலி வரும், ஸ்பூனால்தான். டான்சில் எடுத்தவருக்கு ஆறியதும் குளிர்ந்ததும், புளியும் காரமும் இல்லாமல். உடல் பருமனுக்கு இரைப்பையைச் சிறிதாக்கியவருக்கு ஒரு தடவைக்கு 30 மில்லிதான் இறங்கும், ஆகவே ஒவ்வொரு மடக்கிலும் புரதம் இருந்தாக வேண்டும். சர்க்கரை சேர்த்த பானம் அவருக்குப் படபடப்பும் பேதியும் தரும். தொண்டை, கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு நீர் குடிக்கும்போது இருமினால் உடனே நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள். நுரையீரலுக்குள் போகிறது என்பதன் அடையாளம் அது. யாருக்குமே சாய்ந்து படுத்தபடி ஊட்டக் கூடாது, ஊட்டிய பின் அரை மணி நேரம் நிமிர்ந்திருக்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாள் எப்படி இருக்கும்? காலை 6.30-க்கு இரட்டைப் பாலில் காபி ஒரு டம்ளர், 10 கிராம். 8.30-க்கு கஸ்டர்ட், 20. 11 மணிக்கு 150 கிராம் தயிரில் 20 கிராம் பொட்டுக்கடலை மாவு, 9. மதியம் பருப்புக் கஞ்சியில் அரைத்த கோழி பாதி, அல்லது அரைத்த பனீர், 20. மாலை 4 மணிக்கு மறுபடி இரட்டைப் பால், 10. இரவு இரண்டு இட்லியைக் கெட்டிப் பருப்பில் ஊறவைத்து மசித்து, 9. கூட்டினால் 78. எந்த வேளையிலும் வயிறு முட்டாது. பசியே இல்லாத முதல் நாட்களில் ஒவ்வொன்றையும் பாதியாக்கி, இடையில் பவுடர் ஒரு கரண்டி சேர்த்தால் 60-ஐ எட்டலாம். நெல்லிக்காயோ கொய்யாவோ அரைத்துத் தினம் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுத் தசைக்கு வேண்டிய கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். சூடுபடுத்தினால் அது குறையும் என்பதால் கடைசியில் கலக்கவும்.

வீட்டு டம்ளரை ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். ஒரே அலமாரியில் 120 மில்லியும் 250 மில்லியும் இருக்கும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரம், என்ன கொடுத்தது, எவ்வளவு உண்மையில் குடித்தார், எத்தனை கிராம் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். டம்ளரில் மிச்சம் வைத்ததைக் கழிக்க மறக்க வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து 40-க்குக் கீழேயே நின்றால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ போங்கள். வாந்தி நிற்காமல் வருவது, வயிறு கல்லாக உப்புவது, காய்ச்சல், தையலைச் சுற்றிச் சிவந்து சுடுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் தாளெல்லாம் வேண்டாம், அன்றே போக வேண்டும்.